ஊமையான முதல் டிராக்

அத்தியாயம் 9

நாற்பத்தாறாயிரத்து எழுநூற்று ஐம்பது ரூபாய். இசையமைப்பாளர் டிரம்ஸ்காரருக்குத் தர வேண்டிய பாக்கி அது. நேற்று மதியம் வரைக்கும்தான் அது பாக்கி. மதியத்துக்குப் பிறகு அதுவே அபராதமாக மாறி, கொடுக்க வேண்டியவர் கையிலேயே தங்கிவிட்டது. மாற்றி வைத்த புண்ணியவான் சில்லறை.

சில்லறை என்பது பட்டப்பெயர். நாலு பேர் பேசிக்கொண்டிருந்தால் நடுவில் காசு பெறாத ஒரு வார்த்தையை எறிந்து சத்தம் கிளப்புவான் என்பதால் அவன் அண்ணன் வைத்தது. அண்ணி நடத்துகிற துப்பறியும் நிலையத்தில் உதவியாளன், வண்டியோட்டி, டீ வாங்கி வருகிறவன் எல்லாம் அவன்தான். நிலையம் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை, சலவைக்கடைக்கு மேலே இரண்டு அறை. கீழேயிருந்து இஸ்திரி ஆவி ஏறி வரும். "இந்த ரூம்ல உக்காந்தா உண்மைய நாம தேட வேணாம் அண்ணி, வேர்வையோட அதுவே வெளிய வந்துரும்" என்று தினமும் சொல்வான். இன்றைக்குச் சொல்லவில்லை.

மேசைமேல் ஒரு கவர் கிடந்தது. நேற்று இசையமைப்பாளர் கொடுத்த கூலி. அதைப் பிரிக்கவும் மனமில்லை, அலமாரியில் வைக்கவும் மனமில்லை. ஏதோ செத்த பல்லி மாதிரி அதைச் சுற்றிச் சுற்றி வந்தான்.

"நேத்து நடந்ததை முதல்லேருந்து சொல்லு" என்றாள் அண்ணி. காய்ச்சல் விட்டுப்போன முகம், தோளில் சால்வை. நேற்று அவள் படுத்துக்கிடந்ததால்தான் சில்லறை தனியாகப் போனான். போனவன் வாயை வீட்டில் விட்டுவிட்டுப் போயிருக்கலாம்.

நடந்தது இதுதான். இன்னும் வெளிவராத ஒரு பாட்டு, போனுக்குப் போன் தாவி ஊரெல்லாம் பரவிவிட்டது. யார் வெளியே விட்டது என்று கண்டுபிடிக்கச் சொன்னார் இசையமைப்பாளர். சில்லறை ஒரு காலத்தில் மேடைக் குழுவில் கீபோர்டு வாசித்தவன். தன் காதில் சரக்கு உண்டு என்று ஒரு நினைப்பு. இசையமைப்பாளரிடம் இருந்த டிரம்ஸ் பதிவையும் திருட்டுப் பிரதியையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேட்டதும், "ஒரு சத்தம் குறையுதே!" என்று பிடித்துவிட்டான்.

அந்தப் பாட்டில் வருவது கம்ப்யூட்டர் டிரம்ஸ். தோல் கிடையாது, குச்சி கிடையாது. ஒவ்வொரு அடியாக உள்ளே பதித்து வைத்தால் மென்பொருளே வாசித்துவிடும். பதித்தவர் டிரம்ஸ்காரர், முன்பெல்லாம் நிஜ டிரம்ஸை வியர்க்க வியர்க்க அடித்தவர். வேலை முடிந்த கடைசி நாளில் இசையமைப்பாளர், "சரணத்துல ஒரு குட்டித் தட்டு சத்தம் வேணும், டிங்னு" என்று கேட்டிருக்கிறார். இவரும் சேர்த்துக் கொடுத்திருக்கிறார். ஊரில் பரவிய பிரதியில் அந்த டிங் இல்லை. அப்படியென்றால் அது டிங் சேர்ப்பதற்கு முந்தைய பழைய பிரதி. பழைய பிரதி இருந்தது டிரம்ஸ்காரரின் கம்ப்யூட்டரில் மட்டும். பாக்கி வராத கோபம் வேறு அவருக்கு இருக்கும். சில்லறை மூன்றையும் ஒரே நூலில் கோத்தான்.

கோத்ததோடு விட்டானா? ஸ்டுடியோ நடைகூடத்தில் எல்லாரும் நிற்கும்போது சொன்னான்: "திருடன் வெளியில இல்ல சார். தாளம் போட்டவரே தாளிச்சுட்டாரு!"

எல்லாரும் சிரித்தார்கள். டிரம்ஸ்காரரை அழைத்துப்போக வந்த மகள், கையில் ஹெல்மெட்டோடு அங்கேதான் நின்றிருந்தாள். டிரம்ஸ்காரர், "நான் இல்ல தம்பி" என்று மட்டும் சொன்னார். சொல்லிவிட்டு, செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் நடந்து போனார். இசையமைப்பாளர் அவர் முதுகைப் பார்த்து, "பாக்கியெல்லாம் என் நஷ்டத்துல கழிஞ்சு போச்சு, இனி இந்தப் பக்கம் வராதீங்க" என்று கத்தினார்.

அந்தச் செருப்பு. ராத்திரி கண்ணை மூடினால் சில்லறைக்கு அதுதான் வந்தது. பாதி மாட்டிய செருப்பு தரையில் இழுபடுகிற சத்தம்.

படியில் காலடி கேட்டது. வந்தவள் அதே மகள். கையில் அதே ஹெல்மெட்.

சில்லறை சட்டென்று எழுந்தான். "வாங்க தங்கச்சி, உக்காருங்க."

"தங்கச்சியா? நேத்தே எனக்குப் பேரு வச்சுட்டீங்களே, திருடன் மகள்னு. அதையே சொல்லிக் கூப்பிடுங்க."

அண்ணி நாற்காலியை இழுத்துப் போட்டாள். "என்கிட்ட பேசும்மா. இங்க நடக்கறதுக்கு எல்லாம் பொறுப்பு நான்தான்."

"ஒரே ஒரு கேள்விதான் அக்கா. அந்தத் திருட்டுப் பாட்டை எங்கப்பாவுக்குப் போட்டுக் காட்டினாங்களா?"

அண்ணி சில்லறையைப் பார்த்தாள். சில்லறை தரையில் சிமெண்டு பெயர்ந்திருந்த இடத்தைப் பார்த்தான்.

"இல்ல."

"டாக்டர்கூட நாடி பாத்துட்டுதான் சார், ஆள் போயிட்டான்னு சொல்வாரு."

சொல்லிவிட்டு அவள் இறங்கிப் போய்விட்டாள். கீழே வண்டி கிளம்பாமல் நின்றது. அண்ணி சால்வையை இழுத்துச் சொருகிக்கொண்டாள்.

"நமக்காகத்தான் நிக்கிறா. வண்டிய எடு."

"அண்ணி, நான் வரணுமா? நான் வேணா வண்டியில ஹாரன் அடிச்சிட்டு..."

"நீதான் முதல்ல போகணும்."

*

டிரம்ஸ்காரரின் வீடு மூன்றாவது மாடி. இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்ட வேண்டிய படிக்கட்டு. உள்ளே அலமாரி மேல், பழைய போர்வையால் மூடி, நிஜ டிரம்ஸ் பெட்டி பெட்டியாகக் கழற்றி அடுக்கியிருந்தது. ஜன்னலோரம் கம்ப்யூட்டர். அதன் மேல் ஒரு துண்டு விரித்துப் போட்டிருந்தார்கள், யாரும் தொடாத பொருளுக்குப் போடுகிற மாதிரி.

அவர் துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தார். "வாங்கம்மா" என்றார் அண்ணியிடம். சில்லறை நின்ற பக்கம் அவர் கண் போகவேயில்லை. சில்லறைக்கும் அதுதான் சௌகரியமாக இருந்தது. சௌகரியமாக இருக்கிறதே என்று நினைத்ததும் இன்னும் கூசியது.

"அண்ணே, நேத்தே செஞ்சிருக்க வேண்டியதை இன்னிக்கு செய்ய வந்திருக்கோம்" என்றாள் அண்ணி. "அந்தப் பாட்டை ஒருதடவை கேளுங்க."

போனை மேசைமேல் வைத்து ஓடவிட்டாள். அவர் கேட்க விரும்பவில்லை. துணியைத்தான் மடித்தார். ஆனால் கை சும்மா இருக்குமா? சட்டையை வைத்துவிட்டு அவரறியாமல் இடது கை தொடைக்குப் போனது, வலது கை மேசை விளிம்புக்குப் போனது. ட்ஸ், ட்ஸ், ட்ஸ் என்று விரல்கள் ஓடின. சரணம் வந்தது. வலது கை மேசையை விட்டு எழுந்து, பக்கத்திலிருந்த கண்ணாடி டம்ளரை ஒரு சுண்டு சுண்டியது. டிங். மறுபடி மேசைக்கு வந்தது.

அவர் நெற்றி சுருங்கியது. "இன்னொரு தரம் போடுங்க."

மறுபடியும் ஓடியது. மகள் அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். சில்லறை போனைப் பார்த்தான். அண்ணி மட்டும் அவர் கையைப் பார்த்தாள்.

"அண்ணே, டம்ளரைத் தட்டும்போது மேசையை அடிக்காம விட்டுட்டீங்களே, ஏன்?"

"ரெண்டு கைதானம்மா இருக்கு. இடது கை ஸ்னேர்ல இருக்கு, நடுவுல இருக்கற சின்ன டிரம். மேசைன்னு நான் தட்டறது ஹை-ஹாட், ட்ஸ் ட்ஸ்னு ஓடற ஜோடித் தட்டு. வலது கை அதை விட்டுட்டுத்தான் குட்டித் தட்டுக்குப் போகணும். அப்ப ஹாட்டை யாரு அடிக்கிறது?"

"கம்ப்யூட்டருக்கு ஏதுங்க கை?" சில்லறையின் வாயிலிருந்து வழக்கம்போல நழுவி விழுந்தது. "அது நெனச்சா எட்டுக் கையால அடிக்குமே?"

டிரம்ஸ்காரர் முதல்முறையாக அவனை நிமிர்ந்து பார்த்தார்.

"அடிக்கும் தம்பி. கேக்கறவனுக்கும் தெரியாது. ஆனா எனக்குத் தெரியுமே. ஒரு மனுஷனால வாசிக்க முடியாததை வாசிச்ச மாதிரி வச்சுட்டு, கீழ என் பேரைப் போட்டுக்க எனக்கு வெக்கமா இருக்கும்."

வெட்கம் என்ற அந்த வார்த்தை அறைக்குள் சும்மா நின்றது. சில்லறைதான் அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் தவித்தான்.

அண்ணி முன்னால் சாய்ந்தாள். "அப்ப கடைசி நாள் டிங் சேத்தப்போ, அந்தந்த இடத்துல ஏற்கனவே இருந்த ஹாட் அடிய எடுத்துட்டீங்களா?"

"பின்னே? எடுத்துட்டுத்தான் தட்டு வச்சேன்."

"தம்பி, அந்த இடத்தை மட்டும் போடு. டிங் இருக்கான்னு பாக்காத. ஹாட் இருக்கான்னு பாரு."

சில்லறை போனைக் காதோடு வைத்துக்கொண்டான். ட்ஸ், ட்ஸ், ட்ஸ்... அந்த இடம் வந்தது. டிங் இல்லை. ட்ஸும் இல்லை. வரிசையில் ஒரு பல் விழுந்த மாதிரி ஓட்டை. மறுபடி ட்ஸ், ட்ஸ். இந்தப் பாட்டை நேற்றிலிருந்து எத்தனையோ தடவை கேட்டுவிட்டான். குறைகிற சத்தம் ஒன்று என்று மார்தட்டினான். குறைந்தது இரண்டு.

"பழைய பிரதியா இருந்தா இங்க ஹாட் இருந்திருக்கணும்" என்றான் மெதுவாக. குரல் அவனுடையது மாதிரியே இல்லை. "ஹாட்டை எடுத்தாச்சு. அப்படின்னா தட்டு வச்சதுக்கு அப்புறம் எடுத்த பிரதி இது. தட்டு நடுவுல எங்கயோ காணாம போயிருக்கு."

"எங்க?" என்றாள் அண்ணி.

டிரம்ஸ்காரர் மடித்த துணிகளை ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக வைத்துக் காட்டினார். "எல்லா அடியும் ஒரே கதவு வழியா வெளிய வந்தா மிக்ஸிங் பண்றவர் தவிச்சுப் போவாரும்மா. ஒண்ணைக் கூட்டினா எல்லாம் கூடும். அதனால மென்பொருளுக்குள்ளேயே ஒவ்வொண்ணுக்கும் தனி வழி பிரிச்சு விடுவோம். காலால மிதிக்கற கிக் ஒரு டிராக், ஸ்னேர் ஒரு டிராக், ஹாட் ஒரு டிராக்னு. புதுசா ஒண்ணைச் சேத்தா, நாம வழி சொல்ற வரைக்கும் அது முதல் டிராக்லயே போய் உக்காந்துக்கும். அன்னிக்கு ஒரே அவசரம். தட்டு முதல் டிராக்லதான் இருந்துச்சு."

"மத்ததெல்லாம் தனித்தனியா போயிட்டா முதல் டிராக்ல வேற என்ன இருக்கும்?"

"ஒண்ணும் இருக்காது. காலின்னு நெனச்சு அதை ஊமையாக்கி வைக்கறது வழக்கம்தான். அதான் மிக்ஸிங்காரரைப் பாத்து வாசல்லயே சொல்லிட்டு வந்தேன், அண்ணே முதல் டிராக்கை மூடிராதீங்க, தட்டு அதுலதான் இருக்குன்னு. சரின்னு தலையாட்டினாரே."

அண்ணி எழுந்தாள். சில்லறை எழவில்லை. கையிரண்டையும் சேர்த்துப் பிசைந்துகொண்டிருந்தான்.

"அண்ணே, நான் நேத்து..."

டிரம்ஸ்காரர் கையை உயர்த்தித் தடுத்தார். "இங்க வேணாம் தம்பி. இந்த வீட்ல யாரும் என்னைத் திருடன்னு சொல்லல."

*

மிக்ஸிங் அறைக்குக் கதவு இரண்டு. ஒன்றைத் திறந்து உள்ளே போனால் இன்னொன்று. சுவரெல்லாம் பஞ்சு. பேசினால் சொல் விழுந்த இடத்திலேயே செத்துவிடும். மிக்ஸிங்காரர் இஸ்திரி போட்ட சட்டையில் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். பெயரெடுத்த கை. அவர் தொட்ட பாட்டு துலங்கும் என்பார்கள்.

மேசைமேல் அவர் போன் 'டிங்' என்றது. அவர் திரும்பவில்லை. சற்று நேரத்தில் இன்னொரு டிங். அதற்கும் இல்லை.

சில்லறைக்கு, மூடி வைத்த பாத்திரம் பொங்குகிற மாதிரி வாய் பொங்கியது. அவர் முதுகுப் பக்கமிருந்து, பக்கவாட்டில் நின்ற அண்ணியிடம் சொன்னான்: "கடன்காரன் மெசேஜ் போல. அண்ணன் அசைஞ்சு குடுக்க மாட்டேங்கறாரு!"

அண்ணி சிரித்தாள். மிக்ஸிங்காரர் அவள் சிரிப்பைப் பார்த்துவிட்டுத் தானும் சிரித்து, "ஆமா, ஆமா" என்று தலையாட்டினார்.

அண்ணியின் சிரிப்பு நின்றுபோனது. அந்த முகத்தைச் சில்லறை அறிவான். பூட்டுக்குள் சாவி பாதி திரும்பிய முகம்.

"அண்ணே, அந்தப் பாட்டோட டிரம்ஸைக் கொஞ்சம் காட்டுங்க" என்றாள், அவர் எதிரே வந்து நின்று.

திரையில் வரிசையாக டிராக்குகள். பக்கத்தில் பச்சைக் கோடுகள் ஏறி இறங்கின. கிக் துள்ளினால் ஒரு கோடு, ஸ்னேர் விழுந்தால் ஒரு கோடு. முதல் டிராக்கும் திறந்துதான் இருந்தது. சரணத்தில் டிங் டிங் என்று கணீரென விழுந்தது.

சில்லறை அண்ணி பக்கம் திரும்பினான். "தட்டு இருக்கே அண்ணி! மறுபடியும் தப்பான வீட்டுக் கதவைத் தட்டிட்டோமா?"

"முதல் டிராக்கை மூடிட்டுப் போடுங்கண்ணே."

மிக்ஸிங்காரரின் விரல் சுட்டியின் மேல் தயங்கியது. பிறகு அழுத்தியது. ட்ஸ், ட்ஸ், ஓட்டை. ட்ஸ், ட்ஸ். ஊரில் ஓடுகிற திருட்டுப் பிரதி அச்சாக அதேதான்.

"நேத்து வரைக்கும் இப்படி மூடித்தான் இருந்துச்சா?"

"இல்லம்மா. எப்பவுமே திறந்துதான் இருந்துச்சு."

அண்ணி வாதாடவில்லை. தோளிலிருந்த சால்வையை எடுத்தாள். உதறி மடிக்கப் போகிறாள் என்று சில்லறை நினைத்தான். அவள் அதைத் திரைமேல் போட்டாள். பச்சைக் கோடுகளெல்லாம் மறைந்துபோயின.

"தம்பி, சால்வைக்குள்ள எட்டிப் பாத்து, முதல் டிராக்கை மட்டும் திறந்து போடு."

சில்லறை போட்டான். அமைதியான அறையில் டிங் ஒன்று விழுந்தது. கொஞ்சம் விட்டு இன்னொன்று. கூரையிலிருந்து சொட்டுகிற நீர் மாதிரி, சின்னதாக, தெளிவாக.

மிக்ஸிங்காரர் அண்ணியைப் பார்த்தார். சில்லறையைப் பார்த்தார். மூடிய திரையைப் பார்த்தார்.

"பாட்டு ஓடுதா?" என்று கேட்டார்.

இன்னொரு டிங் விழுந்தது. சில்லறை கையை நீட்டி அதை நிறுத்தினான். சற்றுமுன் அவர் முதுகுக்குப் பின்னால் விட்ட நக்கல் இப்போது அவனுக்கே திரும்பி வந்தது.

அண்ணி சால்வையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, அவர் எதிரில் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். நிதானமாக, வாய் அசைவது தெரியும்படி பேசினாள். "எவ்வளவு நாளா அண்ணே?"

"ரெண்டு வருஷம் இருக்கும். கனமான சத்தமெல்லாம் கேக்கும். கூர்மையா இருக்கறதுதான்... காலிங் பெல் போச்சு. போன் போச்சு. யாராவது முதுகுக்குப் பின்னாடி பேசினா போச்சு." அவர் பச்சைக் கோடுகளைக் காட்டினார். "இதை வச்சு ஓட்டிக்கிட்டு இருக்கேன். காதால செய்யற வேலையக் கண்ணால செய்யறேன்."

"முதல் டிராக் ஊமையா இருந்ததால அதுல கோடும் ஏறல."

"ஆமாம்மா. வழக்கம்போல மூடினேன். அவர் வாசல்ல ஏதோ சொன்னாரு. தலையாட்டி வச்சேன்."

"பாட்டு வெளிய எப்படிப் போச்சு?"

அவர் முகத்தை இரண்டு கையாலும் அழுத்தித் துடைத்தார். "என் தங்கச்சி புருஷன் போன் ரிப்பேர் கடை வச்சிருக்கான். எந்தப் பாட்டையும் முடிக்கறதுக்கு முன்னாடி அவனுக்கு அனுப்புவேன். சத்தம் கூசுதா, மந்தமா இருக்கான்னு கேட்டுச் சொல்வான். அவன் காதுதான் என் காது. இதையும் அனுப்பினேன். சூப்பர் மச்சான்னான். இருக்கற சத்தத்தை அவன் சொல்லிருவான். அங்க இல்லாத சத்தத்தை அவன் எப்படிச் சொல்வான்? கடையில சத்தமா போட்டுக் கேட்டிருக்கான். வந்தவன் எவனோ தன் போன்ல ஏத்திக்கிட்டுப் போயிட்டான். மறுநாள் வந்து என் கால்ல விழுந்து அழுதான்."

"டிங் குறையுதுன்னு ஸ்டுடியோவுல பேச்சு வந்ததும்தான் முதல் டிராக் ஞாபகம் வந்து திறந்து வச்சீங்க."

தலையாட்டல். இந்த முறை நிஜமான தலையாட்டல்.

"ஏன் சொல்லல அண்ணே?" சில்லறை கேட்டான். கேட்டுவிட்டு, அவர் உதட்டைப் பார்க்கிறார் என்று தெரிந்ததும் எதிரே வந்து நின்று மறுபடி கேட்டான். "நேத்து அவரை நான் அப்படிச் சொன்னப்போ, நீங்களும் அங்கதான் நின்னீங்க. சிரிச்சீங்களே."

"நீ என்ன சொன்னேன்னு எனக்குக் கேக்கல தம்பி. எல்லாரும் சிரிச்சாங்க. சிரிக்காம நின்னா கேக்கலன்னு தெரிஞ்சுரும். அதான் சிரிச்சேன். சாயங்காலம்தான் விஷயமே தெரிஞ்சுது." அவர் குரல் உடைந்தது. "தெரிஞ்சதும் முதல்ல என்ன தோணுச்சு தெரியுமா? அப்பாடா, நம்ம பேரு வரலன்னு. அந்த மனுஷன் மேல பரிதாபம் அதுக்கப்புறம்தான் வந்துச்சு."

சில்லறை இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தான். அவர் சிரித்ததற்குக் காது காரணம். தான் சொன்னதற்கு? காது நன்றாக இருந்தது, வாயும் நன்றாக இருந்தது. காரணம் என்று எடுத்து நீட்ட ஒரு மண்ணும் இல்லை.

*

அதே நடைகூடம். அதே ஆட்கள். கணக்குப் பார்க்கிற அம்மா, வயலின் பெட்டியோடு வந்தவர், தண்ணீர் கேன் இறக்குகிறவர். மகள் தன் அப்பாவை அழைத்து வந்திருந்தாள். உள்ளே வரமாட்டேன் என்று கதவருகே நின்றுவிட்டார் டிரம்ஸ்காரர்.

இசையமைப்பாளர் அறையிலிருந்து வந்தார். "என்ன கூட்டம்?"

சில்லறை நேற்று நின்ற இடத்தைத் தேடிப் போய் நின்றான். எல்லாரும் அவன் வாயைப் பார்த்தார்கள். ஒரு சிரிப்பு வரும் என்று தண்ணீர் கேன்காரர் கேனை இறக்கி வைத்துவிட்டே நின்றார்.

"நேத்து இந்த இடத்துல நின்னு, இவரைத் திருடன்னு சொன்னது நான். அந்தப் பாட்டை அவருக்குப் போட்டுக் காட்டாமலே சொன்னேன். நல்லா கேக்கத் தெரியும்னு நெனச்சுக்கிட்டு சொன்னேன். சொன்னதுல ஒண்ணுகூட உண்மை இல்ல. நீங்க சிரிக்கணும்னு ஒரு வார்த்தை சேத்தேன் பாருங்க, அது திருட்டைவிட மோசம். அண்ணே, மன்னிச்சிருங்கன்னு கேக்கக்கூட எனக்கு வாய் வரல."

யாரும் சிரிக்கவில்லை. டிரம்ஸ்காரர் சுவரில் ஓர் ஆணியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"சரி விடுங்கப்பா" என்றார் இசையமைப்பாளர் அவசரமாக. "ஏதோ தப்பு நடந்துபோச்சு. பெரிசு பண்ணாதீங்க. அப்ப எடுத்தது யாரு?"

"நான்" என்றார் மிக்ஸிங்காரர். பின்னாலிருந்து வந்து நடுவில் நின்றார். கேள்வி அவருக்குக் கேட்டிருக்காது, முகங்களைப் படித்திருப்பார். "திருடல. என் தங்கச்சி புருஷனுக்கு அனுப்பினேன், அவன் கைதவறி வெளிய போச்சு. ஏன் அனுப்பினேன்னா..." அவர் தன் காதைத் தொட்டுக் காட்டினார். "எனக்குக் காது கேக்கறதில்ல. அவரு முதல் டிராக்கை மூடாதேன்னு சொல்லியும் மூடினேன். தப்பு முழுக்க என்னோடது."

கணக்கு அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். இசையமைப்பாளர் முகத்தில் கோபம் வர ஆரம்பித்து, வருவதா வேண்டாமா என்று தெரியாமல் நடுவழியில் நின்றது.

அண்ணி அந்தக் கவரை எடுத்து அவர் கையில் வைத்தாள். "நேத்து நீங்க குடுத்த கூலி. பிரிக்கல. தப்பா செஞ்ச வேலைக்கு நாங்க வாங்கறதில்ல."

"அட, இருக்கட்டும்மா..."

"இருக்க வேண்டாம். ஒண்ணு மட்டும் கேக்கறேன். இந்த டிரம்ஸ்காரர் திருடன் இல்லன்னு தெரிஞ்சா உங்களுக்குச் சந்தோஷமாத்தான இருக்கணும்? முகம் ஏன் சார் வாடுது?"

அவருக்குப் புரிந்தது. நடைகூடத்தில் எல்லாருக்கும் புரிந்தது. "பாக்கிதான? அடுத்த வாரம் பாத்து..."

"கழிக்கறதுக்கு நேத்து ஒரு நிமிஷம்கூட ஆகலையே சார்" என்றாள் மகள்.

இசையமைப்பாளர் போனை எடுத்தார். எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க, கட்டைவிரலால் ஒவ்வொரு எண்ணாகத் தட்டினார். ஒரு தடவை தப்பாகப் போட்டு அழித்துவிட்டுத் திரும்பப் போட்டார்.

டிங்.

டிரம்ஸ்காரரின் சட்டைப் பையிலிருந்து வந்தது. எல்லாத் தலைகளும் ஒரே சமயத்தில் அந்தப் பக்கம் திரும்பின. அவர் போனை எடுத்துக் கண்ணுக்கு அருகே பிடித்தார். மகள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து மூச்சை விட்டாள். தண்ணீர் கேன்காரர்கூடச் சிரித்தார்.

மிக்ஸிங்காரர் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். எதற்குத் திரும்பினார்கள், எதற்குச் சிரிக்கிறார்கள் என்று தெரியவில்லை. வழக்கமான அந்தச் சிரிப்பு அவர் உதட்டில் வர ஆரம்பித்தது. தலையும் அசைய ஆரம்பித்தது.

சில்லறை கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவர் எதிரே போய் நின்றான். தன் வாய் நன்றாகத் தெரியும்படி நின்றான்.

"பணம் வந்துருச்சுண்ணே" என்றான்.

"முழுசாவா?"

"முழுசா."

அவர் தலையாட்டவில்லை. கதவருகே நின்ற டிரம்ஸ்காரரைப் பார்த்தார். டிரம்ஸ்காரர் போனைப் பைக்குள் போட்டுவிட்டு, செருப்பை இந்த முறை சரியாக மாட்டிக்கொண்டு, உள்ளே வந்தார்.